நான் சீராக்கிய மூன்று கோடுகள்

என் மகள் ஒஸ்லோவில் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சீன எழுத்துப் படிக்கப்போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து எனக்கு எரிச்சல். மூன்று வருடமாக அந்த எரிச்சலை நான் கைவிடவே இல்லை.

அந்த ஞாயிறு மத்தியானம், ஒஸ்லோவின் புறநகரான பியோர்ண்டாலில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவளுடைய தாள் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. ஒன்றின் கீழ் ஒன்றாக நான்கு படுக்கைக் கோடுகள். சீனத்தில் 'ஒன்று' என்று எழுதினால் ஒரு கோடுதானாம்.

"இதுக்கோ பிள்ளை ஒரு மாசம்?"

"ஓம் அப்பா. இந்தக் கோடு காலத்தோட எப்பிடி மாறினது எண்டதுதான் என்ரை எக்ஸாமன். நாளைக்குக் குடுக்கோணும்."

நான்கு கோடும் நான்கு காலத்து 'ஒன்று'களாம். ஆகப் பழைய முறையில் தூரிகையின் நுனியை உள்ளே மறைத்து, கோடு முழுவதையும் ஒரே தடிப்பில் இழுப்பார்களாம். பிறகு, மூங்கில் கீற்றுகளில் அவசரமாக எழுதிய அரசாங்க எழுத்தர்களின் கையில் தூரிகை அமுங்கவும் நிமிரவும் தொடங்கியதாம். கோட்டின் தலை பட்டுப்புழுவின் தலைபோல் உருண்டது. இடுப்பு மெலிந்தது. முடிவு வாத்தின் வால்போல் மேலே கிளம்பியது. கடைசியில் அந்த வாலும் போய், ஓர் அழுத்தம் மட்டும் மிஞ்சியது. இதையெல்லாம் சொல்லும்போது அவள் முகம் மலர்ந்திருந்தது. நான் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் களைத்துப்போய்ப் படுக்கப் போனாள். முதல் கோடு எனக்குப் பிடித்தது. மற்ற மூன்றும் பிசகாகப் பட்டன. தமிழ்ப் பாடசாலை எழுத்துப் போட்டிக்கு அவள் எழுதிய ஒவ்வொரு தாளையும், கொடுப்பதற்கு முன் நான்தான் மேலே பேனையை ஓட்டிச் சீராக்குவேன். இங்கே எல்லா வீட்டிலும் பெற்றோர் அதைத்தான் செய்தோம். பழகிய கை சும்மா இருக்குமா? தூரிகை இன்னும் ஈரமாகத்தான் கிடந்தது. மெலிந்த இடங்களை நிரப்பினேன். வாலுக்குப் பக்கத்தில் மை வைத்து மட்டமாக்கினேன். உள்ளபடியே பெருமைப்பட்டேன்.

எழும்பி வந்தவள் தாளைப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அப்பா, நாலும் முதல் கோடாப் போச்சு" என்றாள். "வைச்ச கோட்டுக்கு மேல திரும்பத் தூரிகை வைக்கவே கூடாது."

அதுதான் கடைசித் தாள். ஞாயிற்றுக்கிழமை, கடையெல்லாம் பூட்டு.

"உதவிதானே செய்தனான்" என்று முறைத்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. இந்த வாய் ஏச மட்டும்தான் திறக்கும்.

வேறு வழியில்லாமல் அதையே கொடுத்தாள். தேறவில்லை. கோடுகளின் மேல் ஏன் பூசினாய் என்று பரீட்சகர் கேட்டபோது, தானே பூசியதாகச் சொல்லியிருக்கிறாள். இதை என் மனைவிதான் எனக்குச் சொன்னாள். எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிறைந்தது. என்ன இருந்தாலும் அப்பனைக் காட்டிக்கொடுக்கவில்லையே என்று நினைத்தேன்.

"அப்பாதான் செய்தவர் எண்டு சொல்லியிருக்கலாமே, பிள்ளை" என்றேன் ஒருநாள்.

அவள் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"சொல்ல வெக்கமா இருந்தது அப்பா."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.