சுத்தியல் உள்ளே போன படகு

நொரீன் டனிக்ளிஃப் அந்தப் படகை வாங்கும்போது அதன் அடியைப் பார்க்கவில்லை. உள்ளே இருந்த இரும்பு அடுப்பைப் பார்த்தாள், ஜன்னல் மட்டத்தில் தளும்பிய தண்ணீரைப் பார்த்தாள், ஒன்பதாயிரம் பவுண்டை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

அப்போது அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. ஸ்டோக் நகரத்துப் பீங்கான் ஆலை ஒன்றில் இருபத்திரண்டு வருடம் தேநீர்க் கோப்பைகளுக்குக் கைப்பிடி ஒட்டியவள். ஆலையை மூடியதும் பள்ளிக்கூட பஸ் ஓட்டப் போனாள். கணவனைப் பிரிந்து வெகுகாலம் ஆகியிருந்தது. வாடகைக்கு இருந்த வீட்டை விற்கப்போவதாக வீட்டுக்காரர் கடிதம் அனுப்பினார். இனி யாருக்கும் வாடகை கொடுப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

ஏழடி அகலம், ஐம்பதடி நீளம். எங்கள் கால்வாயில் ஓடும் எல்லாப் படகுகளையும் போல ஒரு நீண்ட ரயில் பெட்டி மாதிரி இருந்தது. பெயர் மார்ஜரி. 1972இல் கட்டியது. செப்டம்பர் மாதம் அவளே அதை ஓட்டிக்கொண்டு எங்கள் படகுத்துறைக்கு வந்து சேர்ந்தாள். அங்கே நிலக்கரியும் எரிவாயு சிலிண்டரும் விற்கிற கடை என்னுடையது. நான் குடியிருக்கும் படகுக்கு அடுத்த இடம் காலியாக இருந்ததால் அவள் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி ஆனாள்.

முப்பது வயதைத் தாண்டிய படகு என்றால் அடித்தகடு எவ்வளவு கனம் மிச்சம் இருக்கிறது என்று அளந்து எழுதிக் கொடுத்தால்தான் காப்பீடு கிடைக்கும். காப்பீடு இல்லாமல் கால்வாயில் இருக்க உரிமம் கிடையாது. அதனால் அக்டோபரில் மார்ஜரியைத் துறையின் பழுதுபார்க்கும் தொட்டிக்குள் இழுத்து, மதகை அடைத்து, தண்ணீரை வடித்தார்கள். பரிசோதகர் ஆர்கில் சுத்தியலோடு உள்ளே இறங்கினார். பேச்சு குறைந்த மனிதர். ஒவ்வொரு சாணுக்கும் ஒரு தட்டு. நல்ல இரும்பு மணி மாதிரி ஒலிக்கும். மார்ஜரி அட்டைப்பெட்டி மாதிரி ஒலித்தது. பின்பக்கம் வந்து ஆறாவதோ ஏழாவதோ தட்டு தட்டியபோது சுத்தியல் உள்ளே போய்விட்டது.

ஆர்கில் சுத்தியலை உருவிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மன்னிச்சுக்குங்கம்மா. இதுக்கு மேல இத தண்ணில விட நான் கையெழுத்துப் போட முடியாது” என்றார்.

நொரீன் குனிந்து அந்த ஓட்டைக்குள் விரல் விட்டுப் பார்த்தாள். “இவ்வளவு நாள் எது மேல நான் படுத்துத் தூங்கினேன்?” என்று கேட்டாள்.

“பெயிண்ட் மேல” என்றார் ஆர்கில்.

படகுத்துறையின் சொந்தக்காரன் டெஸ் மாச்சின். எனக்கு நெடுநாள் சிநேகிதன், பொய் சொல்லத் தெரியாதவன். அவன் அவளைக் கடைக்குக் கூட்டிவந்து உட்காரவைத்து, என் எதிரிலேயே கணக்கை விளக்கினான். அடியும் பக்கமும் முழுக்கப் புதுத் தகடு போர்த்த வேண்டும். பதினோராயிரம் ஆகும். பழைய இரும்புக்கு வெட்டிப் போட்டால் ஆயிரத்து ஐந்நூறு தேறும். வியாழக்கிழமை தொட்டிக்கு வேறு படகு வருகிறது, அதற்குள் அவள் ஏதாவது சொல்ல வேண்டும்.

“என் தங்கச்சியா இருந்தா வெட்டுன்னுதான் சொல்லுவேன், வாத்து” என்று முடித்தான். எங்கள் பக்கத்தில் ஆணோ பெண்ணோ, பிரியமாகப் பேசினால் எல்லோரும் வாத்துதான்.

நொரீன் டீயைக் கடைசிவரை குடித்தாள். பிறகு, அந்தப் பதினோராயிரத்தில் இரும்புக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று கேட்டாள். இரும்பு நாலாயிரம் என்றான் டெஸ். அப்படியென்றால் கூலியில் எதையெல்லாம் தான் செய்யலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். துருவைச் சுரண்டலாமா? உள்சுவர்ப் பலகையைக் கழற்றலாமா? குளிருக்காகப் பலகைக்குப் பின்னால் அடைத்த, வெல்டிங் நெருப்பில் தீப்பிடிக்கும் என்று அவன் சொன்ன தெர்மாகோலைப் பிய்த்தெடுக்கலாமா? எல்லாவற்றுக்கும் அவன் தலையாட்டிக்கொண்டே வந்தான். கடைசியில் வெல்டிங்கும் தானே செய்யலாமா என்று கேட்டபோதுதான் டெஸ் சிரித்துவிட்டான்.

“நான் ஜோக் அடிக்கல, டெஸ்.”

“தெரியுது. அதுக்குத்தான் பயமா இருக்கு.”

வியாழக்கிழமை காலை கிரேன் வந்தது. மார்ஜரியைத் தூக்கி, துறையின் பின்மூலையில், முள்செடிகளுக்கு நடுவில் ரயில் தண்டவாளக் கட்டைகள் மேல் உட்காரவைத்தார்கள். டெஸ்ஸுக்கு வேறு வேலை இல்லாத நாட்களில் வந்து அடித்தகடு போடுவது, மற்றதெல்லாம் நொரீன் பொறுப்பு என்று பேச்சு. ஸ்டோக் தொழிற்கல்லூரியில் வாரம் இரண்டு சாயங்காலம் வெல்டிங் வகுப்பு நடந்தது. பஸ்ஸைக் கொட்டகையில் விட்டுவிட்டு நேராக அங்கே போக ஆரம்பித்தாள்.

அந்தக் குளிர்காலத்தை அவள் எப்படிக் கழித்தாள் என்பதை நான் என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். படகுக்கு நடுவில் ஒரு பகுதியை மட்டும் தார்ப்பாய் கட்டிப் பிரித்து, அதில் ஒரு கட்டிலும் அடுப்பும் வைத்துக்கொண்டு மற்ற நாற்பதடியையும் பிரித்துப் போட்டாள். தரைக்கு அடியில் பாரத்துக்காக அடுக்கியிருந்த செங்கற்கள் மட்டுமே இரண்டு டன் இருக்கும். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து நாற்பது செங்கல்லை ஏணி வழியே கீழே இறக்குவாள். நாற்பதானதும் நிறுத்திவிடுவாள். ஒன்று கூடுதலாக இறக்க மாட்டாள், ஒன்று குறைக்கவும் மாட்டாள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உதவிக்குப் போனேன். மறுநாள் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் நிலக்கரியில் ஒரு மூட்டைக்கு மட்டும் காசு வாங்காமல் இருந்தேன். அதையும் இரண்டாவது தடவையே கண்டுபிடித்து, காசைக் கல்லாவில் வைத்துவிட்டுப் போனாள்.

அவளுடைய அக்கா கிளெண்டா சனிக்கிழமைதோறும் லாங்டனிலிருந்து வருவாள். பாலாடைக்கட்டியும் பன்றி இறைச்சியும் வைத்து மடித்த ஓட்ஸ் ரொட்டிகளைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவருவாள். ஏணியில் ஏற மாட்டாள். கீழே நின்றபடியே தங்கையைச் சாப்பிடவைத்து, சாப்பிட்டு முடிக்கும்வரை திட்டுவாள். தன் வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறது, வெந்நீர் வருகிறது, பெரிய டிவி இருக்கிறது என்பாள். ஊரில் எல்லோரும் வயதானால் பல்லைத்தான் இழப்பார்கள், இவள் புத்தியை இழந்துவிட்டாள் என்பாள். நொரீன் வாய் நிறைய ரொட்டியோடு கேட்டுக்கொண்டிருப்பாள். காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “அடுத்த வாரம் வெங்காயம் கொஞ்சம் சேத்துக்கோ” என்பாள்.

பிப்ரவரியில் வகுப்புப் பரீட்சையில் தேறினாள். பழைய இரும்புத் துண்டுகளில் பற்றவைத்த தன் மாதிரிகளை டெஸ்ஸின் மேஜையில் கொட்டினாள். அவன் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு நாளைக்கு ஆயிரம் கைப்பிடி ஒட்டிய கை அது. பற்றவைத்த கோடு தையல் போட்ட மாதிரி வரிசை பிசகாமல் இருந்தது. பக்கத் தகடுகளை அவளே போடலாம், ஒவ்வொரு வரியையும் ஆர்கில் பார்த்துச் சம்மதித்தால் சரி என்றான் டெஸ்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஏப்ரலில் பின்பக்கத்தைப் பிரித்தபோது எஞ்சினைத் தாங்கும் சட்டங்கள் உளுத்த மரம் மாதிரி உதிர்ந்தன. எஞ்சினை வெளியே எடுக்க வேண்டும், சட்டம் புதிதாகச் செய்ய வேண்டும். எடுத்துப் பார்த்தால் எஞ்சினுக்குள்ளும் வேலை இருந்தது. மேலும் ஆறாயிரம்.

அதே வாரத்தில் டெஸ் இன்னொரு செய்தியோடு வந்தான். துறையிலேயே ஒரு நல்ல படகு விற்பனைக்கு வருகிறது. டெர்பியிலிருந்து வந்த வயதான தம்பதியினுடையது. முழங்கால் வலியால் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். பத்து வயதுப் படகு, குளியலறை, புது எஞ்சின் எல்லாம் உண்டு. பாதிப் பணத்தை இப்போது கொடுத்து மீதியை இரண்டு வருடத்தில் கொடுத்தால் போதும். மார்ஜரியை இருக்கிற நிலையிலேயே வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் இதை முடிப்பதைவிட அதை வாங்குவது லாபம். சொல்லப்போனால் எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. நொரீன் என்னைப் பார்த்துக் கேட்டபோது, ஒளிக்காமல் சொல்லிவிட்டேன்.

அவள் சட்டென்று மறுக்கவில்லை. அந்தப் படகைப் போய்ப் பார்த்தாள். அரை மணி நேரம் உள்ளே இருந்தாள். குழாயைத் திறந்து வெந்நீரில் கை கழுவினாளாம். வெளியே வந்தபோது கிளெண்டாவும் டெஸ்ஸும் நானும் கரையில் நின்றிருந்தோம். கிளெண்டாவின் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன்.

“நல்ல படகு” என்றாள் நொரீன். “ரொம்ப நல்ல படகு. வேணாம்.”

கிளெண்டாவின் சிரிப்பு நின்றுவிட்டது. “ஏன்டி? ஒரு காரணம் சொல்லு. ஒண்ணே ஒண்ணு சொல்லு, நான் வாய மூடிக்கிறேன்.”

“அதுல ஏதாவது போச்சுன்னா நான் டெஸ்ஸக் கூப்பிடணும். டெஸ் இல்லன்னா வேற எவனையாவது கூப்பிடணும், அவன் கேக்குறதக் குடுக்கணும். இதுல எந்தத் தகடு எங்க முடியுது, எந்தக் குழாய் எதுக்குப் பின்னால போகுதுன்னு எனக்குத் தெரியும். நாளைக்கு எழுபது வயசுல நடுக் கால்வாயில நின்னுபோனாலும் எங்க கை வைக்கணும்னு தெரியும். எனக்கு அது வேணும், கிளெண்டா. பணத்த அதுக்குத்தான் போடுறேன்.”

கிளெண்டா சொன்னபடி வாயை மூடிக்கொண்டாள். ஆனால் அடுத்த மூன்று சனிக்கிழமைகள் வரவில்லை. நொரீன் பஸ் வேலையில் காலை நேர முறையையும் சேர்த்து எடுத்துக்கொண்டாள். காரை விற்றாள். எஞ்சினைப் பிரித்த பாகங்களைத் தானே மண்ணெண்ணெயில் கழுவி, சீட்டு ஒட்டி, என் கடையின் பின்அறையில் வரிசையாக வைத்தாள். நான்காவது சனிக்கிழமை கிளெண்டா வந்தாள். அன்று முதல்முறையாக ஏணியில் ஏறினாள். உள்ளே சுற்றிப் பார்த்துவிட்டு, “திரைச்சீலை அளவு எடுத்துக்கிறேன், இதையாவது யாராவது ஒழுங்கா செய்யணும்ல” என்றாள்.

ஜூலை முதல் வாரம் கிரேன் திரும்ப வந்தது. மார்ஜரி தண்ணீரில் இறங்கியதும் நொரீன் கைவிளக்கோடு உள்ளே போய், தகடுகள் சேரும் மூட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். ஆர்கிலும் பின்னாலேயே போனார். கால் மணி நேரம் கழித்து அவர் குரல் வந்தது. அடியில் ஒரு மூட்டு கசிகிறதாம். டெஸ் தலையை உள்ளே நீட்டி, பரவாயில்லை, முதல் தடவை யாருக்கும் இப்படி ஆகும் என்று நொரீனுக்கு ஆறுதல் சொன்னான்.

“அது நீ போட்டது, டெஸ்” என்றாள் நொரீன்.

டெஸ்ஸின் முகம் கழுத்துவரை சிவந்தது. மறுபடியும் படகைத் தூக்க வேண்டியதாயிற்று. கிரேன் வாடகை அவன் கொடுத்தான். கசிந்த இடத்தை அவள்தான் திரும்பப் பற்றவைத்தாள். மல்லாந்து படுத்து, தலைக்கு மேலே தீப்பொறி கொட்டக் கொட்ட, இரண்டு மணி நேரம். டெஸ் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆர்கில் தன் அறிக்கையில் அடித்தகடு குறையில்லாமல் இருப்பதாக எழுதினார். காப்பீட்டுக்காகப் படகின் மதிப்பையும் குறிக்க வேண்டியிருந்தது. பதினேழாயிரம் என்று போட்டார். நொரீன் அதுவரை போட்டிருந்தது இருபத்து மூன்றாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. அந்தக் காகிதத்தை என் கடையில் வைத்துத்தான் படித்தாள். கிளெண்டாவும் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தாள்.

“கொஞ்சம் கூடப் போட்டிருக்கலாம்னு தோணிச்சு” என்றார் ஆர்கில் தயக்கத்தோடு. “ஆனா விக்கப் போனா இதான் கிடைக்கும்.”

“சரியாத்தான் போட்டிருக்கீங்க. நான் விக்கல” என்று சொல்லிவிட்டு, நொரீன் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

டெர்பிக்காரர்களின் படகை பர்மிங்ஹாமிலிருந்து ஒருவர் வாங்கினார். அது இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது. பணக் கணக்கில் நான் சொன்னது தப்பில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். நொரீனுக்கும் அது தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. டெஸ்ஸுக்கு வேலை அதிகமாகிவிட்டால் அவள் வெல்டிங் முகமூடியை எடுத்துக்கொண்டு அவன் கொட்டகைக்குப் போவாள். முழுக் கூலி வாங்கிக்கொண்டுதான் திரும்புவாள்.

அந்த வருடம் பள்ளி விடுமுறை தொடங்கிய திங்கட்கிழமை காலை அவள் வடக்கே செஷயர் பக்கம் புறப்பட்டாள். கிளெண்டாவும் ஒரு வாரத்துக்கு என்று கூடவே வந்திருந்தாள். படுக்கை குறுகல், கழிப்பறைக் கதவு முழங்காலில் இடிக்கிறது, இந்த வேகத்தில் நடந்தே போய்விடலாம் என்று துறையைத் தாண்டும் முன்பே ஆரம்பித்துவிட்டாள். நொரீன் சுக்கானைப் பிடித்தபடி, முதல் மதகுக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது, அதற்குள் டீ போட்டு முடித்துவிடு, இறங்கி மதகைத் திறக்க ஆள் வேண்டும் என்று உள்ளே குரல் கொடுத்தாள்.