வீட்டுக்குத் தெரியுமா என்று கேட்ட வக்கீலம்மா

பிள்ளைகளே, திருப்பதிக்குக் கட்டட வேலைக்குப் போன என்னை, செம்மரம் வெட்ட வந்தவன் என்று பிடித்து ஜெயிலில் வைத்தார்கள். அங்கே காசு வாங்காமல் ஏழைகளுக்கு வாதாடும் வக்கீலம்மா ஒருவர் வருவார். குள்ளமான உருவம், வெயிலில் கறுத்த முகம். வழக்கைப் பற்றிப் பேசுவதற்கு முன், "நீ இங்க கீறது ஊட்ல தெரியுமா நைனா?" என்றுதான் யாரையும் கேட்பார்.

என் பக்கத்திலிருந்த பெரியவர் அதற்குச் சிரித்தார். "எனக்கு ஊடே இல்லம்மா. யாராண்ட போய் சொல்லுவ?"

"அப்ப எனக்குத் தெரிஞ்சா போதும். உம் பேரச் சொல்லு தாத்தா."

வக்கீலம்மா வாதாடி எனக்கு ஜாமீன் வாங்கிக் கொடுத்தார். பெரியவரோ ஜாமீன் கிடைப்பதற்குள் உள்ளேயே இறந்துபோனார். உடலை வாங்கி அடக்கம் செய்தது அந்த வக்கீலம்மாதானாம். செத்தவருக்கு நீங்கள் என்ன உறவு என்று அங்கே கேட்டிருப்பார்களே. அவர் என்ன சொல்லியிருப்பார் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.