ஃபிரேஹாவுக்கு வாய்த்த முகம்

பாட்டுக்காரி ஷேக்கா ஃபிரேஹாவைக் கொன்றுவிட்டார்கள் என்ற செய்தி, ரொட்டிக் கடை வரிசையில் நின்றிருந்த ஷேக்கா ஃபிரேஹாவின் காதிலேயே வந்து விழுந்தது.

"மஸ்கரா ரோட்டுலயாம். புதன்கிழமை சாயங்காலம் பஸ்ஸை மறிச்சிருக்கானுங்க," என்றாள் முன்னால் நின்ற மூன்றாம் மாடி ஸுலேகா. அவள் நாத்தனார் புருஷனுக்கு யாரோ ஒரு டிரைவர் சொன்னதாம். "போலீஸ் உடுப்புதானாம். பாட்டு ஹராம்னு துப்பாக்கியோட மலையிலேர்ந்து இறங்கி வந்தவனுங்கன்னு யாருக்குத் தெரியும்? கையில ஒரு கேசட்டு அட்டை. ஒவ்வொரு பொம்பளை மூஞ்சியோடயும் வெச்சு வெச்சுப் பார்த்திருக்கானுங்க. கடைசியில ஒருத்தியை இறக்கிட்டானுங்க."

"ஃபிரேஹாவையா?"

"பின்னே? நான் அவ இல்லை, நான் டீச்சர், டீச்சர்னு கத்தினாளாம். யாரு நம்புவா? அட்டையில அச்சு அசலா அதே மூஞ்சி. பஸ்ஸைப் போகச் சொல்லி விரட்டிட்டானுங்க. அவ அங்கேயே நின்னுட்டா."

"பேப்பர்ல ஒண்ணும் வரலியே?"

"பேப்பர்ல எல்லாமா வருது?"

பின்னால் நின்ற ஒருத்தி, "பாடினாளே பாட்டு! சாராயமும் கள்ளப் புருஷனும். அதான் அனுபவிச்சிட்டா," என்றாள்.

"ஏன்டி, உன் மக மருதாணி அன்னிக்கு விடிஞ்சதுலேர்ந்து அவ கேசட்டுதானே ஓடிச்சு?"

"அது மேளத்துக்காகப் போட்டது."

வரிசை சிரித்தது. ஸுலேகா திரும்பி, "பத்ராக்கா, நீங்க அவ பாட்டெல்லாம் கேட்டிருக்கீங்களா?" என்றாள்.

"எனக்கேதும்மா நேரம்? ஊசி கோர்க்கவே கண்ணு தெரியல," என்றாள் பத்ரா. ரொட்டியை வாங்காமலே வரிசையை விட்டு விலகி நடந்தாள். டீச்சர் என்ற அந்த ஒரு சொல்தான் அவளை அங்கே நிற்க விடவில்லை.

ஓரான் நகரத்தின் அந்தக் கட்டடத்தில் பதினான்கு வருடங்களாக அவள் தையல்காரி பத்ரா. கல்யாண உடுப்புக்கு ஜரிகை வைத்துத் தைப்பவள், தைத்ததைக் கொடுப்பதற்காக அடிக்கடி வெளியூர் போகிறவள். பைக்குள் ஜரிகைத் துணிக்கு அடியில் வேறொரு உடுப்பு இருந்தது யாருக்கும் தெரியாது. வெளியூரில் இறங்கியதும் அவள் ஃபிரேஹா ஆகிவிடுவாள். பெண்கள் கூடத்தில் முகத்தைத் திறந்து வைத்துப் பாடுவாள். ஆண்கள் பந்தலில் கண் மட்டும் தெரிய மூடிக்கொண்டு பாடுவாள்.

குரல் இனிமையானது என்று யாரும் சொன்னதில்லை. சரளைக் கல்லில் வண்டிச் சக்கரம் ஏறுவதுபோன்ற குரல். வெள்ளைக்காரப் பண்ணைகளில் திராட்சை பறித்த கூலிக்காரிகளின் நடுவே வளர்ந்தது. அவளுக்குப் பதிமூன்று வயதில் கல்யாணம். பதினைந்தில் கைக்குழந்தையோடு வாசலுக்கு வெளியே தள்ளினார்கள். அவுலியாக்களின் தர்காத் திருவிழாக்களுக்கு ஊர் ஊராய்ப் போகும் கூட்டம் ஒன்று அவளைச் சேர்த்துக்கொண்டது. மேளத்தைத் தலைக்கு வைத்துப் படுத்தாள். பசியைப் பாடினாள், குடியைப் பாடினாள், வேலைக்கென்று கடல் தாண்டிப் போய்த் திரும்பாத புருஷன்களைப் பாடினாள். கேட்டவர்கள் அழுதார்கள். அழுது முடித்ததும், இவள் குடித்த கோப்பையைத் தனியாகக் கழுவி வைத்தார்கள்.

மகள் ஹவாரியா பத்ராவின் அண்ணன் வீட்டில் வளர்ந்தாள். இப்போது திலெம்சானில் ஒரு நீதிமன்றக் குமாஸ்தாவின் மனைவி, மூன்று பிள்ளைகளுக்குத் தாய். சம்பந்தி வீட்டாருக்கும் பத்ரா தையல்காரிதான்.

இத்தனையும் கட்டிக் காத்தது ஒரே ஒரு புகைப்படம்.

எழுபத்தொன்பதில் முதல் கேசட் போட்டபோது, கடைக்கார ஹாஜ் லக்தர் மேஜைமேல் மூன்று படங்களைப் பரப்பினார். எல்லாம் ஏதோ ஒரு ஸ்டூடியோ கண்ணாடியில் மாட்டியிருந்தவை. அந்தக் காலத்தில் ஷேக்கா என்ற பாட்டுக்காரிகளின் அட்டையில் ஷேக்காவின் முகம் வராது. எவள் முகமாவது வரும்.

"உன் மூஞ்சியைப் போட்டா உன் மகளை எவன் கட்டுவான்? எடு ஒண்ணை," என்றார் லக்தர். "ரொம்ப அழகா எடுக்காதே, பொம்பளைங்க வாங்க மாட்டாங்க. ரொம்ப சுமாராவும் வேண்டாம், ஆம்பளைங்க வாங்க மாட்டாங்க."

மோவாயில் விரலை வைத்து, முன்பல் இடைவெளி தெரியச் சிரித்த ஒரு பெண்ணை பத்ரா எடுத்தாள். "இவ இருக்கட்டும். நம்மளைப் பார்த்து மரியாதையாச் சிரிக்கிறா."

பதினாறு வருடங்களில் பதினோரு கேசட்டுகள் வந்தன. எல்லாவற்றிலும் அதே சிரிப்புதான்.

நடுவில் ஒருமுறை, சீதி பெலப்பாஸில் ஒரு கல்யாண வீடு. பாட்டுக்காரர்களுக்கு அடுக்களையில் சாப்பாடு. வெள்ளைப் போர்வை போர்த்திய ஒரு அம்மாள் வந்து எதிரில் நின்றாள்.

"அந்தப் படத்துல இருக்கறது என் பொண்ணு. டீச்சர் வேலைக்குப் போறா. பசங்க கரும்பலகையில ஃபிரேஹான்னு எழுதி வெக்கறாங்க. நிச்சயம் பண்ணினது முறிஞ்சு போச்சு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா எடுத்துடுவாங்களாமே."

பத்ரா விரலில் ஒட்டியிருந்த குழம்பை நக்கிவிட்டு, "ஊரே உங்க பொண்ணைப் பார்த்து மயங்கிக் கிடக்கு. சந்தோஷப்படுங்கம்மா," என்றாள். மேளக்காரன் புரையேறச் சிரித்தான். ஒரு வாரம் வரைக்கும் கூட்டத்தில் அதுதான் வேடிக்கைப் பேச்சு. அந்த அம்மாள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு போய்விட்டாள்.

ரொட்டிக் கடையிலிருந்து பத்ரா நேரே கதூர் வீட்டுக்குப் போனாள். இருபத்திரண்டு வருடங்களாக அவளுக்கு நாணல் குழல் ஊதுகிறவர். இதே ஊரில் பாடகர் ஒருவரைச் சுட்டுக் கொன்ற நாளிலிருந்து குழலை மாவு மூட்டைக்குள் செருகி வைத்திருந்தார். செய்தி அவருக்கு முன்னமே வந்திருந்தது.

"உயிரோடதான் இருக்கியா? அல்லாஹ்வுக்கு நன்றி," என்றார். "வா, காப்பி குடி. செத்தவளோட காப்பி குடிக்கறது எனக்கும் முதல் தடவை."

"விளையாடாதீங்க. அவளைப் புடிச்சு வெச்சிருக்கானுங்களோ என்னமோ. ஃபிரேஹா நான்தான், அவ இல்லைன்னு தெரிஞ்சா விட்டுடலாம் இல்ல?"

கதூர் சிரிப்பை நிறுத்தினார். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். "பத்ரா, கேளு. அவனுங்க கணக்குல ஃபிரேஹா செத்துட்டா. செத்தவளை எவனும் தேட மாட்டான். அந்த முகம் உனக்குப் பதினாறு வருஷம் சோறு போட்டுது. இப்ப உசுரையும் காப்பாத்திக் குடுத்திருக்கு. வாயை மூடிக்கிட்டுத் துணி தை."

"அவ உசுரு?"

"அது போயிருந்தா போயிருக்கும். நீ போய் நின்னா திரும்பி வருமா?"

பத்ரா காப்பியைத் தொடாமல் எழுந்தாள்.

ஹாஜ் லக்தரின் கடையில் இப்போது தொழுகை விரிப்பும் அலாரக் கடிகாரமும்தான் இருந்தன. பத்ரா வந்த விஷயத்தைச் சொன்னதும் அவர் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"பேரு என்ன ஹாஜ் அவளுக்கு?"

"பேரைத் தெரிஞ்சு நீ என்ன பண்ணப் போறே?"

"பதினாறு வருஷமா அவ மூஞ்சியை மாட்டிக்கிட்டு அலைஞ்சிருக்கேன். பேராவது தெரிய வேண்டாமா?"

லக்தர் இழுப்பறையிலிருந்து ஒரு உறையை எடுத்தார். உள்ளே இரண்டு தாள்கள், அரபியில் ஒன்று, பிரெஞ்சில் ஒன்று. எது படிக்க வருமோ அதைப் படிக்கட்டும் என்று இரண்டிலும் எழுதியிருந்தாள். பத்ராவுக்கு இரண்டுமே வராது. லக்தர்தான் படித்தார். போன வருடம் எழுதிய கடிதம். யாகூத் பென்அமர், ஆசிரியை. காலம் கெட்டுக் கிடக்கிறது, நான் தினமும் பஸ்ஸில் போகிறவள், எனக்கு இரண்டு குழந்தைகள், தயவுசெய்து அந்த அட்டைகளைக் கடைகளிலிருந்து எடுத்துவிடுங்கள். கீழே வீட்டு டெலிபோன் எண்.

"எடுத்தீங்களா?"

"புதுசா அச்சடிக்கல," என்றார் லக்தர். "பழைய சரக்கைச் சும்மா கொளுத்தச் சொல்றியா? மஸ்கரா பக்கம் தள்ளிவிட்டேன்."

பத்ராவுக்கு அடுக்களையில் வந்து நின்ற அந்த அம்மாளின் முகம்தான் எதிரில் வந்தது.

கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும் கடைக்குப் போனாள். ஐம்பது வயதில், தலைத்துணியை எடுத்துவிட்டு, நெற்றியில் பச்சை குத்தியது தெரிய உட்கார்ந்தாள். ஈரம் காயாத படத்தோடு செய்தித்தாள் அலுவலகத்துப் படியேறினாள். அங்கே நிருபராக இருந்த இளைஞன் குண்டுக்குப் பயந்து ஜன்னலோரம் உட்காராமல் மூலையில் உட்கார்ந்திருந்தான். அவள் சொன்னதை இரண்டு தடவை கேட்டுக்கொண்டான்.

"அம்மா, பேரோட போடணுமா? படத்தோடயா?"

"பேரு, ஊரு, மூஞ்சி, எல்லாம் போடு. ஃபிரேஹாங்கறது நான். அந்தப் பொண்ணு பாடினதே இல்லை, அவளை விட்டுடுங்கன்னு போடு."

"அவங்க படிப்பாங்கன்னு வெச்சுக்குவோம். நாளைக்குச் சாயங்காலம் நீங்க எங்கே இருப்பீங்க?"

"அது என் பாடு."

அவன் எழுதிக்கொண்டான். எழுதும்போது அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. நாளைக் காலை வரும் என்றான்.

தபால் ஆபீஸ் மூட ஒரு மணி நேரம் இருந்தது. முதலில் திலெம்சானுக்கு டெலிபோன் இணைப்புக் கேட்டாள். ஹவாரியாவே எடுத்தாள். நாளைக்கு என்ன வரப்போகிறது என்று பத்ரா சொன்னாள். மறுமுனையில் குழந்தை எதையோ கேட்டு அழுதது. ஹவாரியா அதை உஸ்ஸென்று அடக்கினாள்.

"மாமனார் தினமும் அந்தப் பேப்பரைத்தான் படிக்கறாரு," என்றாள்.

"தெரியும்மா."

"யாரோ ஒருத்திக்காகவா?"

"யாரோ இல்லைம்மா அவ."

"அப்ப இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிடாதீங்க, அத்தை," என்றாள் ஹவாரியா. அவள் பத்ராவை அத்தை என்று கூப்பிட்டது இதுவே முதல் தடவை. பக்கத்தில் யாரோ வந்திருக்க வேண்டும். அல்லது வரவே இல்லையோ என்னவோ. இணைப்பு அறுந்தது.

பத்ரா கடிதத்தை ஜன்னலில் நீட்டி, கடைசி வரியிலிருந்த எண்ணைப் போட்டுத் தரச் சொன்னாள். மூன்றாம் எண் கூண்டு என்றான் குமாஸ்தா. கூண்டுக்குள் வியர்வை நாற்றமடித்தது. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். யாகூத்தே எடுத்தால் என்ன சொல்வது என்று யோசித்தாள். யாகூத்தின் அம்மா எடுத்தால் என்ன சொல்வது என்று யோசிக்க அவளால் முடியவில்லை. பெலப்பாஸில் இந்நேரம் பள்ளிக்கூடம் விட்டிருக்கும். இரண்டு பிள்ளைகள் இருக்கிற வீடு, யாராவது இருப்பார்கள்.

மணி போய்க்கொண்டிருந்தது. பத்து, பன்னிரண்டு வரைக்கும் எண்ணினாள், பிறகு எண்ணுவதை நிறுத்தினாள்.

குமாஸ்தா கண்ணாடியைத் தட்டினான். "அம்மா, யாரும் எடுக்கல. வெச்சுடுங்க, ஆளுங்க நிக்கறாங்க."

"எடுப்பாங்க," என்றாள் பத்ரா. "பெரிய வீடா இருக்கும். நடந்து வரணும் இல்ல?"

அவன் மறுபடியும் தட்டினான். அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு ரிசீவரைக் காதோடு அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.