திருக்கோவிலில் நான் பம்ப் தேடிப் போன கதை

காலை 5.40. சுபஹ் தொழுத கையோடு மருதமுனையிலிருந்து இரண்டு சைக்கிள்கள் புறப்பட்டன. ஒன்றில் நான். மற்றதில் என் பால்ய நண்பன் ஹலீம், இரும்புச் சாமான் கடைக்காரன், தொண்ணூற்றிரண்டு கிலோ. பாண்டிருப்பில் மூன்றாவது சைக்கிளோடு யோகன் நின்றான். எங்களோடு ஒரே வகுப்பில் படித்தவன், இப்போது கணக்கு வாத்தியார். திருக்கோவில் வரை நாற்பது கிலோமீற்றர் சொச்சம். போய், கடற்கரையில் இருந்து சாப்பிட்டு, மாலை மஃரிப் தொழுகைக்குள் திரும்புவது திட்டம். மூவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது என்பதைத் திட்டத்தில் யாரும் சேர்க்கவில்லை.

தை மாதம். மாரி போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு வாசலிலேயே நிற்கும் காலம். கல்முனையில் தூறல், சாய்ந்தமருதில் வெயில், காரைதீவுச் சந்தியில் இரண்டும் ஒன்றாக. நிந்தவூர் தாண்டியதும் வலது பக்கம் வயல் விரிந்தது. மழை கழுவிய பச்சை. அதன் மேல் வெள்ளைக் கொக்குகள் எழும்பி, நாங்கள் போனதும் அதே இடத்தில் இறங்கின. களியோடைப் பாலத்தில் கால்களை நிறுத்தினோம். கீழே தண்ணீர் நகர்கிறதா, வானம் நகர்கிறதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஹலீம் கதைக்காமல் தண்ணீரைப் பார்ப்பது அபூர்வம். மூச்சு வாங்கியிருக்கலாம்.

8.15. அக்கரைப்பற்றுத் தேநீர்க் கடையில் பாலில்லாத பிளேன்டீ, ஒன்று அறுபது ரூபாய். வெளியே ஒரு பாட்டம் மழை அடித்து ஓய்ந்தது.

10.20. திருக்கோவில். கோயிலைத் தாண்டிக் கடற்கரை வீதியில் திரும்பியதும் ஹலீமின் பின் சில்லில் காற்று இறங்கிவிட்டது. யோகன் சைக்கிளைக் கவிழ்த்து ரியூபைக் கழற்றி, முள்ளைப் பிடுங்கி, அழகாக ஒட்டினான். பிறகு கையை நீட்டினான்.

"பம்பைத் தா."

ஹலீம் பையைத் துழாவினான். "கடையில பதினஞ்சு தொங்குது மச்சான்."

"இஞ்ச எத்தின தொங்குது?"

"இஞ்ச ஒண்டுமில்ல."

யோகன் அவனைத் திட்டத் தொடங்கிய நேரத்தில்தான் காற்று நின்றது. தென்னோலைகள் அசையாமல் நின்றன. நான் தலையைத் திருப்பினேன். கடலின் மேல் கரை நெடுக ஒரு வெள்ளைச் சுவர் எழுந்து வந்துகொண்டிருந்தது. கூடவே ஓர் இரைச்சல்.

சுனாமி எங்கள் ஊரை அள்ளிக்கொண்டு போய் இருபது வருடம் கடந்துவிட்டது. அதற்குப் பிறகு இந்தக் கரையில் என் வயதுக்காரருக்கு ஒரு காது எப்போதும் கடல் பக்கம்தான். அந்தக் காது என் காலுக்கு நேரடியாகக் கட்டளை கொடுத்துவிட்டது. சைக்கிளில் எப்போது ஏறினேன் என்று எனக்குத் தெரியாது. பிரதான வீதியைக் குறுக்கறுத்தபோது ஒரு பஸ் என் உம்மா வாப்பாவையெல்லாம் ஹோர்னால் விசாரித்தது. வயலுக்குள் போகும் கிறவல் மண் பாதையில் இறங்கினேன். இருபத்தொரு கியர் இருக்கிறது என்று சொல்லி என்னிடம் விற்ற சைக்கிள். இரண்டு வருடமாக மூன்றைத்தான் கண்டிருந்தேன். அன்று மிச்சப் பதினெட்டையும் கண்டேன்.

இரைச்சல் பின்னால் வந்து என்னைப் பிடித்தது. முதுகில் அடித்தது, தலையில் அடித்தது, வாய்க்குள் போனது. வாய்க்குள் போன தண்ணீர் உப்புக் கரிக்கவில்லை.

மழை. வெறும் மழை.

வயல் காவலுக்குப் போட்ட வாடி ஒன்றின் கூரைக்கடியில் நின்று ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாரத்தை மடித்துக் கட்டிய மனிதர். அவருடைய சைக்கிள் பக்கத்தில் சாய்ந்திருந்தது.

"என்ன காக்கா," என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார். "இப்பிடி இழைக்குது? சைக்கிளுக்குக் காத்துப் போயிட்டா?"

கடலுக்குப் பயந்து ஓடி வந்தேன் என்று எப்படிச் சொல்வது? "ஓம்" என்றேன். "எனக்கில்ல, கூட்டாளிட சைக்கிளுக்கு."

"இந்த மழைக்குள்ளயா தேடி வந்தீங்க?" அவர் உள்ளே போய்ப் பம்பை எடுத்து வந்தார். "போகக்குள்ள தந்திட்டுப் போங்க."

பம்பைக் கையில் வாங்கிய பிறகுதான் கணக்குப் போட்டேன். காற்றுப் போன சைக்கிளோடு ஹலீமைக் கரையில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். 'ஓடு' என்று ஒரு சொல் கூடச் சொல்லவில்லை.

நான் திரும்பியபோது இருவரும் தோணி ஒன்றின் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றார்கள். பம்பைக் கண்டதும் ஹலீம் கையை விரித்தான்.

"பாத்தியா யோகன்! நீ எனக்கு ஏசிக்கொண்டு நிண்ட. இவன் ஒரு சொல்லுக் கதைக்காமப் பறந்தான்!"

நான் வாயைத் திறந்தேன். உள்ளே மழை போனது. மூடினேன்.

சோற்றுப் பொதி பிரித்துக் கடற்கரையில் சாப்பிட்டோம். வெயில் வந்து மணலில் ஆவி பறந்தது. கடல் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரிக் கிடந்தது. என் பொதியில் பாதியை ஹலீமின் பக்கம் தள்ளினேன்.

1.30க்குப் பம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். அக்கரைப்பற்றில் தேநீர்க் கடைக்காரரிடம் ஹலீம் என் வீரத்தை விவரித்தான். நிந்தவூரில் முன்பின் தெரியாத ஒருவரை நிறுத்திச் சொன்னான். அங்கே வந்தபோது கதையில் என் வேகம் பஸ்ஸை முந்தியிருந்தது. "கூட்டாளி எண்டா இப்பிடி இரிக்கணும்" என்று அவர் என் முதுகில் தட்டினார். மழை அடித்த அதே இடம்.

5.50. கல்முனைக்குள் நுழையும் முன் மறுபடி தூறியது. நான் பிரேக் பிடித்தேன்.

"ஹலீம், நான் பம்ப் எடுக்கப் போகல்ல."

"தெரியும்."

"தெரியுமா?"

"பம்ப் எடுக்கப் போறவன் மௌத்தாகப் போற, சாகப் போற ஆள் மாதிரிக் கலிமாவைக் கத்திக்கொண்டா போவான்?"

யோகன் ஹாண்டிலில் முகத்தைப் புதைத்துச் சிரித்தான். "அக்கரைப்பற்றிலயே உண்மையச் சொல்லுவ எண்டன். இவன் நிந்தவூர் எண்டான். ரெண்டு பேரையும் தோற்கடிச்சிட்ட."

மூவரும் சிரித்தோம். நான்தான் அதிகம். கண் துடைக்க மழை வசதியாக இருந்தது. ஹலீம் முதலில் நிறுத்தினான். காலால் பெடலைச் சும்மா பின்னுக்குச் சுற்றினான்.

"கடல் வந்த அண்டைக்கு நானும் ஓடினவன்தான்" என்றான். "பக்கத்து வீட்டு வளவால. கதவு பூட்டிக் கிடந்திச்சு. தட்டல்ல. அவங்க தப்பிட்டாங்க, அல்ஹம்துலில்லாஹ். ஆனா நான் தட்டல்ல. இவ்வளவு காலமும் ஆருக்கும் சொல்லல்ல."

யோகன் தன் சைக்கிளை ஹலீமின் பக்கத்துக்கு உருட்டினான். நான் மற்றப் பக்கம் வந்தேன். பள்ளிவாசலில் மஃரிபுக்குப் பாங்கு ஒலிக்கத் தொடங்கியது. கடை விளக்குகள் ஈர வீதியில் தலைகீழாக எரிந்தன. அந்த வெளிச்சத்தின் மேலாகச் சைக்கிள்கள் போயின. அகலமான வீதி. பின்னால் வந்த வாகனங்கள் ஹோர்ன் அடித்துப் பார்த்து விலகிப் போயின. பாண்டிருப்பில் நிற்க வேண்டிய யோகன் நிற்கவில்லை. மருதமுனை வரைக்கும் மூவரும் பக்கம் பக்கமாக ஒரே கோட்டில் வந்தோம். யாரும் முந்தப் பார்க்கவில்லை.