சாமி விளக்கின் வயர்

எங்கள் கடை வரிசையில் பேய்க்குப் பயப்படாத ஒரே ஆள் நான்தான். பொய். பயப்படாத ஆள் என் மனைவி. நான் அவள் முதுகுக்குப் பின்னால் தைரியமாக நிற்கும் ஆள். படிப்பும் அந்த அளவுதான். பள்ளிக்கூடத்தில் என்னை வகுப்புக்கு வெளியே நிறுத்தியே பழக்கிவிட்டார்கள். ஒரு நாள் அப்படியே நடந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். எழுத்தில் பிழை இருந்தால் வாத்தியாரைக் கேளுங்கள்.

கிள்ளானில் எங்களுக்கு ஒரு மாவு மில். மிளகாய், மல்லி, மஞ்சள் எல்லாம் வறுத்து அரைத்துக் கொடுப்போம். வறுக்க கேஸ், அரைக்க கரண்ட். இரண்டும் நின்றுபோனால் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். எனக்குக் கவலையில்லை. அவளுக்குத்தான் கஷ்டம்.

முதலில் கேஸ் ஏறியது. வீட்டுக்கு வாங்கும் கேஸ் தோங்கை, அதாவது சிலிண்டரை, கடையில் வைக்கக் கூடாது, வியாபாரத் தோங்தான் வாங்க வேண்டும் என்று ஆனது. உள்ளே அதே கேஸ். தோங்கின் நிறமும் விலையும் மட்டும் வேறு. அதைச் சமாளித்து நிமிர்வதற்குள் கரண்ட் பில் குனிய வைத்தது. இந்தக் கடைக்கு வந்த நாள் முதலே பில் கனமாகத்தான் வந்தது. மில் மோட்டார் அப்படித்தான் இழுக்கும் என்று, தெரிந்தவன் மாதிரி நானே எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு அரைக்க வரும் ஆட்கள் குறைந்தார்கள். மோட்டார் பாதி நாள் சும்மா கிடந்தது. பில் மட்டும் குறையவில்லை.

“இன்னொரு பில்லு இப்படி வந்துச்சுன்னா கடைச் சாவியக் குடுத்துருவோம்,” என்றாள் மனைவி. “நான் பூச்சோங்ல சூப்பர்மார்க்கெட் வேலைக்குப் போறேன். நீங்க வீட்ட பாத்துக்குங்க.”

“நான் சமைச்சா சாப்பிடுவியா?”

“அதுக்குத்தான் சொல்றேன். பில்லக் குறைக்க வழியப் பாருங்க.”

அன்று மாலை கடையை அடைக்கும்போது மோட்டார், லைட், காத்தாடி எல்லாவற்றையும் நானே அடைத்தேன். நாங்கள் வரும்போதே கடையில் இருந்த சாமி மேடையின் சின்னச் சிவப்பு பல்பை மட்டும் விட்டுவிட்டேன். அதை எங்கள் ஆட்கள் யாரும் அணைக்க மாட்டார்கள். கடையை மூடினாலும் சாமியை இருட்டில் உட்கார வைக்கக் கூடாது. வெளியே வந்து மீட்டரைப் பார்த்தேன். அதில் ஒரு சிவப்புப் புள்ளி உண்டு. கரண்ட் ஓடினால் கண் சிமிட்டும், அதிகம் ஓடினால் வேகமாகச் சிமிட்டும். அந்தச் சின்ன பல்புக்கு அது தூங்கி வழிந்திருக்க வேண்டும். ஆனால் யாரையோ பார்த்துவிட்ட மாதிரி படபடவென்று சிமிட்டிக்கொண்டிருந்தது.

நான் ஓடவில்லை. வேகமாக நடந்தேன். செருப்பு ஒன்று அங்கேயே கிடந்தது.

மறுநாள் மதியம் செந்தூலிலிருந்து ஒரு வயரிங்காரரை வரவழைத்தோம். என்னைவிட மூத்தவர், கழுத்தில் சிலுவை. மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“மெயின அடைச்சுப் பாத்தீங்களா?”

“மெயின அடைச்சா சாமி லைட் அணைஞ்சிரும் அண்ணே.”

“அப்போ இத்தன வருசமா ஒரு தடவகூட அடைக்கல?”

“ஒரு தடவகூட இல்ல,” என்றேன், ஏதோ பரிசு வாங்கப் போகிறவன் மாதிரி.

மனைவி எண்ணெய் விளக்கை ஏற்றி சாமி முன்னால் வைத்தாள். “இப்ப அடைங்க அண்ணே,” என்றாள்.

அவர் மெயினை இறக்கினார். கடையில் ஒரு சத்தம் நின்றது. அப்படி ஒரு சத்தம் இருந்தது என்பதே அது நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வந்த நாள் முதல் காதுக்குள்ளேயே இருந்த ஒரு ரீங்காரம். அதற்கப்புறம் தலைக்கு மேலே, மாடியில், ஏதோ ஒன்று மெதுவாகச் சுற்றிச் சுற்றி, கடைசியாக ஒரு மூச்சு விட்ட மாதிரி அடங்கியது.

மேல்மாடியில் யாரும் இல்லை. நாங்கள் வருவதற்கு முன்பிருந்தே பூட்டித்தான் கிடக்கிறது. சுபாங் ஜெயாவில் இருக்கும் கட்டடச் சொந்தக்காரருக்குப் போன் போட்டேன்.

“கொசோங் லா, பாஸ்,” என்றார் அவர். காலியாம். சாவி எங்கே என்று அவருக்கே நினைவில்லை. பூட்டை உடைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

வயரிங்காரர் சாமி மேடைக்குப் பின்னால் டார்ச் அடித்தார். சிவப்பு பல்புக்குப் போகும் வயரிலிருந்து இன்னொரு பழைய வயர் கிளம்பி, சுவரேறி, மேலே ஓட்டைக்குள் நுழைந்தது. யார் இழுத்தார்களோ, விவரமான ஆள்தான். கடைக்கு யார் வந்தாலும் அணைக்காத ஒரே வயரைப் பார்த்துப் பிடித்திருக்கிறார்.

மெயினைத் திரும்பப் போட்டுவிட்டு, கடைக்குப் பக்கத்துப் படியில் ஏறினோம். மனைவி முன்னால், அவர் நடுவில், நான் காவலுக்குக் கடைசியில். பூட்டை உடைத்துக் கதவைத் தள்ளினதும் குளிர் முகத்தில் அடித்தது. வெளியே கிள்ளான் வெயில் கொளுத்துகிறது, உள்ளே ஐஸ் போட்ட மீன் பெட்டியைத் திறந்த மாதிரி. பழைய ஏர்கோன் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. எதிரே நிற்கும் காத்தாடி ஒன்று. அது தலையை ஆட்டவில்லை. ஒரே பக்கம் பார்த்துச் சுற்றியது. அது பார்த்த இடத்தில் ஒரு பிரம்பு நாற்காலி.

அறை முழுக்கத் தூசி. எங்கள் மூன்று பேர் கால் தடமும் தெரியும் அளவுக்கு. அந்த நாற்காலியில் மட்டும் தூசி இல்லை.

“காத்தாடி அடிக்குதுல்ல, அதான் தூசி நிக்கல,” என்றேன். எனக்கே நான் சொன்னது.

வயரிங்காரர் வயரைத் தொட்டுப் பார்த்தார். “இந்தப் பல்பு வயர்ல ஏர்கோன் ஓடவே கூடாது. இந்நேரம் கடையே எரிஞ்சிருக்கணும். ஏன் எரியலன்னு எனக்குத் தெரியல,” என்று சிலுவையைப் பிடித்துக்கொண்டார். நான் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

“வெட்டுங்க அண்ணே,” என்றாள் மனைவி.

வெட்டினார். அடுத்த பில் பாதிக்குப் பாதி இறங்கியது. பூச்சோங் வேலைப் பேச்சும் அத்தோடு நின்றது. ஒரு வாரம் நான் வீட்டில் ராஜா.

பிறகுதான் ஆன்டிமார்கள் எழுந்து போக ஆரம்பித்தார்கள். கடையில் மல்லி அரைத்து முடியும் வரை ஆட்கள் உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தோம். வறுக்கும் அடுப்புக்குப் பக்கத்தில், வேர்த்துக் கொட்டும் இடம். அதில் உட்காருகிறவர்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள்.

“ஏன் இங்க மட்டும் இப்படிக் குளுருது?” என்று ஒரு ஆன்டி கேட்டார். இன்னொருவர் ஒன்றும் கேட்காமலே எழுந்தார். யார் மடியிலோ உட்கார்ந்துவிட்ட மாதிரி அந்த நாற்காலியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அவர் மறுபடி வரவில்லை. பில் இறங்கி என்ன செய்ய, அரைக்க ஆள் வந்தால்தானே கடை.

மனைவி அந்த நாற்காலியையே கொஞ்ச நேரம் பார்த்தாள். “மேல இருந்தவங்க கீழ வந்துட்டாங்க போல,” என்றாள், வெயில் அதிகம் என்று சொல்கிற குரலில். “ஏர்கோன் நமக்குக் கட்டாது. காத்தாடின்னா போட்டு விடலாம். போய்ச் சொல்லிட்டு வாங்க.”

“யாருகிட்ட?”

“அத நான் எப்படிச் சொல்றது.”

வயரிங்காரரை மறுபடி கூப்பிட்டோம். மாடிக்கு ஒழுங்கான புது வயர் இழுத்து, காத்தாடியை மட்டும் இணைத்தார். நான் அந்தப் பிரம்பு நாற்காலிக்கு முன்னால் கை கட்டி நின்றேன்.

“பாஸ், வியாபாரம் டல்லு. கேஸும் ஏறிப்போச்சு. ஏர்கோன் முடியாது, காத்தாடி போடுறேன். ஒண்ணாம் நம்பர்தான். கோவிச்சுக்காதீங்க லா.”

பதில் வந்திருந்தால் இதை எழுத நான் இல்லை.

மறுநாளிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியில் ஆட்கள் வேர்க்க வேர்க்க உட்கார்ந்தார்கள். சூடு என்று திட்டினார்கள். கேட்கவே சந்தோஷமாக இருந்தது. பில்லும் கையைக் கடிக்காமல் வந்தது.

போன வாரம் துணிந்து மாடிக்குப் போனேன். ஒன்றில் வைத்துவிட்டு வந்த காத்தாடி மூன்றில் சுற்றிக்கொண்டிருந்தது. பல்லி திருப்பியிருக்கும் என்று சொல்லிக்கொண்டு ஒன்றில் வைத்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. ஆனால் பல்லி நாற்காலியைத் திருப்பாது. அது வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது, அதன் கைப்பிடியில்…

“ஏங்க, எழுதுனது போதும். மேல காத்தாடி சத்தம் பெருசா கேக்குது. யாரு மூணுல வச்சது? வாங்க, போய்க் குறைச்சு வைப்போம். பில்லு யாரு கட்டுறது?”

படியேற ஆரம்பித்துவிட்டாள். அவள் முதுகு மறைவதற்குள் நான் போக வேண்டும்.