பதிமூன்றாம் வரிசை, படிக்கட்டு ஓரம்

கழுத்தில் தொங்கிய அட்டையில் இப்படி அச்சடித்திருந்தார்கள்: 'உவே ஷிகோரா. இருக்கை மாற்றம் மற்றும் அரங்க நடுநிலைப் பொறுப்பாளர். எந்த அணியையும் சாராதவர்.'

எந்த அணியையும் சாராத இந்த மனிதர் பக்கத்து ஊரின் பெயரை வாயால் சொல்லி முப்பது வருடம் ஆகிறது. ரயிலில் அரை மணி தூரம்தான். ஆனால் கால்பந்தில் எதிரி அணியின் ஊர். மைத்துனி அங்கே வாக்கப்பட்டிருக்கிறாள். யாராவது விசாரித்தால், "அவள வெளிநாட்டுல குடுத்துருக்கு" என்பார்.

ஜெர்மனியில் ரூர் பக்கத்து நிலக்கரிச் சுரங்கங்களை மூடியபோது உவே ஸ்டேடியத்தில் பராமரிப்பு வேலைக்கு வந்தவர். ஐரோப்பியக் கோப்பைக்காரர்கள் போட்டி நடத்த வந்து இறங்கியதும் கொடுத்த முதல் வேலை, சொந்த அணியின் பெயர் கண்ணில் படுகிற இடத்தையெல்லாம் சாம்பல் நிறத் துணியால் மூடுவது. சுவர், கதவு, கழிப்பறைக் கண்ணாடி எதுவும் தப்பவில்லை. தன் முன்கையில் அதே பெயரைப் பச்சை குத்தியிருப்பதை என்ன செய்வது என்று கேட்டார். முழுக்கைச் சட்டை கொடுத்தார்கள்.

இரண்டாவது வேலைதான் வம்பு. வடக்கு மேடை, ரசிகர்கள் கம்பியில் சாய்ந்து நின்று கத்துவதற்கென்றே கட்டிய இடம். கோப்பை விதிப்படி எல்லாரும் உட்கார வேண்டுமாம். கம்பிகளைக் கழற்றிவிட்டு ஒன்பதாயிரம் நாற்காலி பூட்டினார்கள், ஒன்றைத் தவிர.

அது லோதர் பியோன்டெக் நின்ற இடம். போன நவம்பரில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். வடக்கு மேடையில் ஒருவர் செத்தால் அவர் நின்ற இடத்தில் ஒரு வருடம் யாரும் நிற்க மாட்டார்கள்; ஆட்டத்துக்கு ஆட்டம் ஒரு குவளை பீர் மட்டும் வைப்பார்கள். லோதர் ஒன்றும் மகான் இல்லை. லைட்டரை வாங்கினால் திருப்பித் தராத ஆசாமி. போதாததற்கு நெட்டை. அவருக்கு நேர் பின்னால் பதினாலாம் வரிசையில் இருபத்தேழு வருடம் நின்ற உவே, கால்பந்தைப் பார்த்ததைவிட லோதரின் பிடரியைப் பார்த்ததுதான் அதிகம்.

கோப்பைக்காரர்களின் சோதனை அதிகாரி ரெகுலா எபிஷர், சுவிட்சர்லாந்துக்காரர், எண்ணிக்கொண்டே வந்து அங்கே நின்றார்.

"ஷிகோரா, ஒரு சீட்டு குறையுதே?"

"குறையல மேடம். ஆள் இருக்காரு."

"எங்க?"

"செத்துட்டாரு."

அதிகாரி சிரிக்கவில்லை. கதையை முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வருத்தமாத்தான் இருக்கு. ஆனா நாளைக்கு இந்த வரிசைக்கு டிக்கெட் விக்கப்போறாங்க. செத்தவருக்குன்னு ஃபார்ம்ல கட்டமே கிடையாது. பார்வை மறைக்கிற சீட்டுன்னா மட்டுந்தான் விக்காம விடலாம்."

உவே அந்த நாற்காலியையும் பூட்டினார். "உக்காந்து பாருங்க மேடம்" என்றார். அதிகாரி உட்கார்ந்தார். உவே ஒரு படி இறங்கி, அவருக்கு நேர் முன்னால் போய் நின்றுகொண்டார்.

"என்ன தெரியுது?"

"உங்க முதுகு."

"அதான். மறைக்குதுல்ல?"

"நீங்க நகந்தா தெரியும்."

"நகர மாட்டேன்."

"இங்க நடக்கப்போற நாலு ஆட்டத்துக்குமா?"

"நாலுக்கும்."

அதிகாரி அந்த முதுகை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு படிவத்தை எடுத்தார். "மறைக்கிற பொருளோட உயரம்?"

"ஒரு மீட்டர் எழுபத்தெட்டு."

"அசையுமா?"

"நல்ல பீர் வாங்கப் போனா அசையும். நீங்க கொண்டாந்திருக்கிற பீருக்கு அசையாது."

'நிலையானது' என்று எழுதிக்கொண்டார். "பின்னாடி பதினாலாவது வரிசைச் சீட்டு?"

"அது என்னுது. அங்கேருந்து என்னிக்குமே ஒண்ணும் தெரிஞ்சதில்ல."

அதையும் குறித்துக்கொண்டு எழுந்தவர் திரும்பி நின்றார். "ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். உங்களப் படிக்கட்டுக் காவல்னு போட்டுர்றேன். காவலுக்கு நிக்கிறவங்க கூட்டத்தப் பாத்துத்தான் நிக்கணும். ஆட்டத்தப் பாக்கக் கூடாது. விதி."

உவேயின் முகம் தொங்கிப்போனது. முன்னால் லோதர் இல்லாமல் நாலு ஆட்டத்தையாவது முழுசாகப் பார்க்கலாம் என்று மனதுக்குள் ஒரு ஓரத்தில் ஆசை வைத்திருந்தார்.

"படுபாவிப் பய" என்றார் நாற்காலியைப் பார்த்து. "செத்தும் மறைக்கிறான் பாரு."

அந்தக் கோடையில் அங்கே நான்கு ஆட்டங்கள் நடந்தன. ஒன்பது கோல்கள் விழுந்தன. நான்கிலும் உவே ஷிகோரா ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டியபடி, காலி நாற்காலி ஒன்றின் முன்னால், அதன் மேல் தன் கையால் ஒரு குவளை பீரை வைத்துவிட்டு, கடைசி விசில் வரை நின்றார்.