கோப்பிக் குளிசையும் வெள்ளிக்கிழமையும்

அந்த மெஷின் அலுவலகத்துக்குள் வந்த அன்றே எனக்கும் அதற்கும் பகை. தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி. பலேர்மோவில், துறைமுகத்துக்குப் போகிற தெருவொன்றில், ஒரு பழைய கட்டடத்தின் நாலாம் மாடியில் இருந்த கணக்காளர் ஒருவரின் அலுவலகத்தில் நான் வேலை செய்தேன். காலையில் கூட்டுவது, துடைப்பது, கழிப்பறை கழுவுவது. பின்னேரம் எல்லோருக்கும் அடுப்பில் வைத்துக் கோப்பி போட்டுக் கொடுப்பது, பிறகு குப்பையைக் கட்டிக்கொண்டு போய்த் தெருமுனைத் தொட்டியில் போடுவது. என் கோப்பியைச் சும்மா சொல்லக்கூடாது. கணக்குக் காட்ட வருகிறவர்கள்கூட ஒரு கோப்பி குடிக்காமல் எழும்ப மாட்டார்கள். அந்தப் பின்னேர வேலையை நம்பித்தான் நான் உயிரைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

ஏனென்றால் என் மகள் கொழும்பில் அக்காவுடன் இருந்தாள். மூன்று வயதில் விட்டுவிட்டு வந்தது. அவளுடைய தகப்பன் அதற்கு முன்பே யாழ்ப்பாணத்தில் செல் குண்டு விழுந்து செத்துப்போனார். பிள்ளையை இங்கே எடுக்க வேண்டுமென்றால் குவெஸ்தூராவில், அதாவது நமக்கு விசா பதிகிற பொலிஸ் கந்தோரில், முழுநேர வேலை ஒப்பந்தம் காட்ட வேண்டும். காலையும் பின்னேரமும் வேலை இருந்தால்தான் அது முழுநேரம். அலுவலக முதலாளியை எல்லோரும் தொத்தோரே என்று கூப்பிடுவார்கள். அவர் வருசக் கடைசியில் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பதாகச் சொல்லியிருந்தார். அக்காவுக்கோ கனடா விசா வந்துவிட்டது. அடுத்த கோடைக்குள் அவள் குடும்பத்தோடு புறப்பட்டுவிடுவாள். அதற்குப் பிறகு என் பிள்ளையைப் பார்க்க அங்கே ஒருத்தரும் இல்லை. இந்த நேரம் பார்த்துக் கோப்பி போடுவதற்கென்று ஒரு மெஷின் வந்து குந்தினால் எனக்கு எப்படி இருக்கும்?

விற்க வந்த ஆள் மேசையில் இரண்டு விதச் சாமானைப் பரப்பி வைத்தார். இரண்டுக்குள்ளும் ஒரு கோப்பிக்கு வேண்டிய தூள்தான். ஒன்று பிளாஸ்டிக், சின்னக் கிண்ணம்போல, மேலே பளபளக்கும் தாள் ஒட்டியது. மற்றது இரண்டு கடதாசிக்கு நடுவே தூளை வைத்து அமத்தியது. எதை எடுக்கிறோமோ அதற்கேற்ற மெஷினைத் தருவாராம். எனக்கு இரண்டுமே குளிசைதான். காய்ச்சலுக்குப் போடுகிற மாதிரி ஒன்றைப் போட்டால் கோப்பி வருகிறது, அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் அதைக் கோப்பிக் குளிசை என்றே சொன்னேன்.

காரியதரிசிப் பெட்டை இரண்டிலும் குடித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். அவள் இத்தாலியனில் சொன்னதை நான் என் பாஷையில்தான் சொல்கிறேன், சிக்னோரா என்றால் அம்மணி என்கிற மாதிரி.

"நீங்கள் சொல்லுங்கோ சிக்னோரா. துப்புரவாக்கப் போறது நீங்கள்தானே."

நான் கோப்பியைப் பார்க்கவில்லை. குடித்து முடிந்த குளிசைகளைத்தான் பார்த்தேன். கடதாசிக் குளிசை பிழிந்த துணிபோல ஒட்டிக் கிடந்தது. யாரும் எடுத்துக் கூடைக்குள் எறியலாம். பிளாஸ்டிக் குளிசையோ வயிற்றுக்குள் தண்ணீரை வைத்துக்கொண்டு கறுப்பாக ஒழுகியது. அது விழுகிற இழுப்பறையை ஒவ்வொரு பின்னேரமும் ஒருத்தர் கழற்றி, கொட்டி, கழுவ வேண்டும். எனக்கு உடனே விளங்கிவிட்டது.

"பிளாஸ்டிக்தான் திறம்" என்றேன். "நுரை வருது பாருங்கோ."

இதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. கோப்பி போடுகிற வேலையை மெஷின் பறித்தது, அதன் ஊத்தையை அள்ளுகிற வேலையை நான் பறித்தேன். நான் நினைத்த மாதிரியே நடந்தது. கோட்டு சூட்டுப் போட்ட அந்தக் கூட்டத்தில் ஒருத்தர்கூட அந்த இழுப்பறையில் விரல் வைக்கவில்லை. இழுப்பறை நிரம்பி மெஷின் சிவப்பு லைற் காட்டினால் போதும், சிக்னோரா, சிக்னோரா என்று நாலு பக்கத்தாலும் கூப்பிடுவார்கள். வாறன், வாறன் என்று நானும் ஆடி அசைந்து போவேன். கோடை முழுக்க அப்படி ராசாத்தியாக இருந்தேன்.

ஒக்டோபர் முடிந்து மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளியதும் வந்தது வில்லங்கம். ஐந்து மணிக்கே இருட்டிவிடும், அலுவலகம் பூட்டுவதோ ஏழுக்கு. மற்ற நாளில் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு எங்கள் ஆட்கள் குப்பையை வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதில்லை. கொட்டினால் சீதேவி வீட்டை விட்டுப் போய்விடுவாள். இதை எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை, கை தானாக நின்றுவிடும். கோடையில் வெளிச்சத்தோடேயே போட்டுவிட்டு வந்ததால் இது மனதில் தட்டுப்படவில்லை. இப்போது வெள்ளிக்கிழமைப் பையை இறுகக் கட்டி, அலுவலகத்தின் பின்பக்கப் பல்கனியில் வைத்துவிட்டு, திங்கள் காலையில் கொண்டுபோய்ப் போட்டேன். சனி, ஞாயிறு அலுவலகம் பூட்டு. யாருக்கு என்ன தெரியப் போகிறது?

ஒரு கிழமைக் கடைசியில் சிரோக்கோ அடித்தது. ஆபிரிக்காப் பக்கமிருந்து வருகிற சுடுகாற்று, கார்த்திகை மாதத்திலும் ஆளை அவித்துவிடும். காற்றில் பை சரிந்து, பல்கனிக் கம்பியில் குத்துப்பட்டுக் கிழிந்திருக்கிறது. வெள்ளி முழுக்கக் குடித்த கோப்பியின் கழிவுத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கியிருக்கிறது. கீழே மூன்றாம் மாடிச் சிக்னோராவின் உடுப்புக் கொடி. கொடியில் அவருடைய கலியாணச் சீதன விரிப்புகள், ஓரமெல்லாம் பூவேலை செய்த வெள்ளை லினன்.

திங்கள் காலையில் நான் படியேறும்போதே சத்தம் கேட்டது. சிக்னோரா விரிப்பைப் போர்க்கொடிபோல உயர்த்திப் பிடித்துக்கொண்டு தொத்தோரேயின் வாசலில் நின்றார். வெள்ளைத் துணி முழுக்க மண்ணிறத் திட்டு.

"இவளை வேலையாலை நிப்பாட்டு! இல்லாட்டி நான் கட்டடத்து வீட்டுக்காரற்றை கூட்டத்திலை கதைக்கிறன்!"

சிக்னோரா போன பிறகு தொத்தோரே என்னை அறைக்குள் கூப்பிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"ஒப்பந்தத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடுவம் சிக்னோரா. இந்தச் சண்டை அடங்கட்டும். கோடையிலை பாப்பம்."

"கோடையிலையோ? கோடையிலை என்ரை அக்கா கனடாவிலை, தொத்தோரே! என்ரை பிள்ளை றோட்டிலை!"

அவர் பேனையை உருட்டிக்கொண்டே இருந்தார். ஐயோ! ஒரு குப்பைப் பைக்காக என் பிள்ளையை இழப்பதா? நான் அழவில்லை. அழுகிறதுக்கு அது நேரமில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன். நேரே மூன்றாம் மாடிக்கு இறங்கி மணியை அடித்தேன்.

சிக்னோரா கதவைத் திறந்ததும் ஒரு கதையும் இல்லாமல் கையை நீட்டினேன். "விரிப்புகளைத் தாங்கோ. வெள்ளையாக் கொண்டு வாறன். வெள்ளையாகாட்டி நீங்கள் கூட்டத்திலை கதையுங்கோ." தந்துவிட்டார்.

ஒரேத்தோத் தெருவில் நான் வாடகைக்கு இருந்த அறைக்கு அவற்றைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டேன். தேசிக்காய்ப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். வேலைக்குப் போக முன்னும் வந்த பின்னும் மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்க் காயவைத்து, திரும்ப ஊறவைத்து, திரும்பத் தேய்த்தேன். நகக்கண்ணெல்லாம் எரிந்தது. அந்த மெஷினைக் கண்டுபிடித்தவன் நாசமாய்ப் போக என்று திட்டித் திட்டித் தேய்த்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் இஸ்திரி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சிக்னோரா யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பூவேலையின் மூலையில் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இஞ்சை ஒண்டு கிடக்கு."

"ஓம், கிடக்கு. அது போகாது. போகிற மட்டும் தேய்ச்சால் நூல் பிஞ்சிடும்."

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு, "ஏன் அந்தப் பையை அங்கை வைச்சனி? விசரியோ நீ?" என்று கேட்டார். சொன்னேன். வெள்ளிக்கிழமை, விளக்கு, சீதேவி, எல்லாம் எனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலியனில். சிக்னோரா தலையில் அடித்துக்கொண்டார்.

"அது உன்ரை வீட்டுக்குச் சரி. அது கணக்குப்பிள்ளையின்ரை கந்தோர் எல்லோ! அந்த ஆளின்ரை சீதேவிக்கு நீ ஏன் காவல் நிக்கிறாய்? அவன் உனக்கு என்ன தந்தவன்?"

கோபம் பொத்துக்கொண்டு வந்தது, அவர் மேல் இல்லை, என் மேல்தான். ஒருநாளும் எனக்கு இது தோன்றவில்லையே. நாலாம் மாடிக்கு ஏறி முடிக்கும்போது என்ன செய்வதென்று தீர்மானித்துவிட்டேன்.

அன்று பின்னேரம் நன்றாக இருட்டும் மட்டும் காத்திருந்தேன். இழுப்பறையைக் கழற்றிக் குளிசைகளைப் பையில் கொட்டிக் கட்டினேன். பையோடே தொத்தோரேயின் அறைக்குள் போனேன்.

"தொத்தோரே, இண்டைக்கு வெள்ளி. இதைக் கொண்டுபோய்ப் போட்டிட்டு வாறன். நான் வரேக்கை ஒப்பந்தப் பேப்பர் உங்கடை மேசையிலை இருக்கோணும்."

அவர் வாயைத் திறக்க முன்னம் படியிறங்கிவிட்டேன். தெருமுனைத் தொட்டிக்கு முன்னால் போய் நின்றேன். பிறந்ததிலிருந்து செய்யாத காரியம். அம்மாளாச்சி, கோவிக்காதையுங்கோ, பிள்ளை வந்து சேரட்டும், பிறகு என்னோடை எவ்வளவும் சண்டை பிடியுங்கோ என்று சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு பையை உள்ளே எறிந்தேன்.

மேலே வந்தபோது பேப்பர் மேசையில் இருந்தது. பேனை மூடிதான் திறக்கவில்லை.

"இதென்ன நாடகம்?" என்றார். அவருக்கும் வெள்ளிக்கிழமைக் கதையைச் சொன்னேன். சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். கணக்குப் பார்க்கிற மனிதர் அல்லவா.

"அப்ப, இவ்வளவு நாளும் என்ரை அதிட்டம் வெளியாலை போகாமல் வைச்சிருந்தனீங்களோ?"

"ஓம்."

"இண்டைக்கு?"

"இண்டைக்குக் கொண்டுபோய்த் தொட்டிக்குள்ளை போட்டிட்டன்."

"பிறகு?"

"கையெழுத்து வைச்சியள் எண்டால் திரும்பி வருவா. எங்கடை சீதேவி கோபக்காரி இல்லை."

முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், யன்னலைப் பார்த்தார், பேனையைத் திறந்தார். காலையும் பின்னேரமும் என்று நேரத்தையும் எழுதச் சொல்லி, எழுதின பிறகே கையெழுத்து வைக்க விட்டேன். மை காய முன்னமே அடுத்ததைக் கேட்டேன்.

"இன்னொண்டு. மெஷினை மாத்துங்கோ. கடதாசிக் குளிசை போடுறது வேணும். அது ஒழுகாது."

"பிளாஸ்டிக்கைத் தெரிஞ்செடுத்தது நீங்கள் எல்லோ!"

"அப்ப எனக்கு ஒப்பந்தம் இல்லை, தொத்தோரே."

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. தலையைக் குனித்துப் பேப்பரை என் பக்கம் தள்ளிவிட்டார். அடுத்த மாதம் மெஷின் மாறியது. காரியதரிசி நுரை குறைவு என்று கொஞ்ச நாள் முணுமுணுத்தாள். நான் அந்தக் கடதாசிகளைத் தட்டில் பரப்பிப் பல்கனியில் காயவைத்து, வெளிச்சத்தோடேயே கட்டிக் கொண்டுபோய்ப் போட்டேன். மூன்றாம் மாடிச் சிக்னோரா கீழேயிருந்து அண்ணாந்து பார்ப்பார். நான் பையைத் தூக்கிக் காட்டுவேன், ஒழுகவில்லை என்று.

குவெஸ்தூராவில் வரிசையில் நின்று, போ என்றால் போய், வா என்றால் வந்து, ஒருவழியாக விசா கிடைத்தது. அக்கா கனடாவுக்குப் போவதற்குக் கொஞ்சம் முன்னால், விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பிய மன்னார்ப் பெண் ஒருவரோடு மகள் வந்து இறங்கினாள்.

விமான நிலையத்தில் நான் எல்லோருக்கும் முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிக்னோரா தந்த பழைய கோட்டு, கட்டையாக வெட்டிய தலைமயிர். நான் கொழும்புக்கு அனுப்பிய படங்களிலெல்லாம் சேலை உடுத்து, பின்னல் போட்டு நிற்பேன். கதவு திறந்தது. பாவாடை சட்டையோடு, படத்தில் பார்த்ததைவிட உயரமாக, என் பிள்ளை வந்தாள். என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் பார்த்தாள். கூட்டம் முழுக்கக் கண்ணால் தேடிவிட்டு, தமிழ் முகம் என்று கண்டு என்னிடமே வந்து கேட்டாள்.

"அன்ரி, அம்மா வரேல்லையோ?"

கம்பியை விட்டுவிட்டு அவளுடைய பையை வாங்கினேன்.

"வந்திட்டன் பிள்ளை. நான்தான்."

அவள் நம்பவில்லை. மன்னார்ப் பெண்ணின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். பரவாயில்லை. அவளை நம்பவைக்க இனி எனக்கு நேரம் இருந்தது.